ட்ரக் கியர்பாக்ஸை இறக்குவதும் ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பிக்கப் ட்ரக்கில் முதல் முறையாகக் கை வைக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கியர்பாக்ஸின் எடையை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் நான் பார்த்த வரையில் வேலை கெட்டுப்போவது உள்ளங்கையில் அடங்கும் சாமான்களால்தான்: ஆறேழு போல்ட், இரண்டு டவல் பின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தும் சிறு முளைகள்), ஒரு ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் துண்டு). அதனால் அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ்பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றுதானே?

இல்லை. ஃப்ளைவீல் என்பது கிளட்ச் உள்ள வண்டியில் வரும் கனமான வார்ப்புத் தட்டு. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கனத்தை, இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டரே தந்துவிடுகிறது, அதனால் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டையும் கன்வெர்ட்டரையும் இணைக்க சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு போதும், அதுதான் ஃப்ளெக்ஸ்பிளேட். அதன் விளிம்பில் ஸ்டார்ட்டர் பிடிப்பதற்கான பற்கள் இருக்கும். அழுத்தமும் சூடும் ஏறும்போது கன்வெர்ட்டர் கொஞ்சம் உப்பும், முன்னும் பின்னும் நகரும். அந்த அசைவுக்கு இந்தத் தகடு வளைந்து கொடுக்க வேண்டும். வளைவது அதன் வேலை, ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்று ஓயாமல் வளைந்துகொண்டே இருந்தால் உடையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் பாதி தானாகவே புரியும்.

விரிசல் விட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஜின் மெதுவாக ஓடும்போது டக் டக் என்று தட்டும் சத்தம். கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டால் வரும் சத்தத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும், இதைக் கேட்டு ஏமாந்து இன்ஜினையே பிரித்தவர்கள் நிறைய. பார்க்கிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் சத்தம் மாறினால் முதலில் ஃப்ளெக்ஸ்பிளேட்டைச் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட்டர் சில நேரம் சரியாகப் பிடித்து சில நேரம் கரகரத்தாலும் அதேதான்.

பெல்ஹவுசிங்கின் (கியர்பாக்ஸில் இன்ஜினோடு சேரும் முன்பக்கக் கூடு) அடியில் உள்ள மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒருவர் இன்ஜினின் முன்பக்கம் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும், தட்டைக் கிராங்க்கோடு பிணைக்கும் கிராங்க் போல்ட் துளைகளைச் சுற்றித்தான் ஓடும், சில சமயம் முழு வட்டமாகவே ஓடி நடுப்பகுதி தனியாகக் கழன்றிருக்கும். துளைகளைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருப்பொடி படிந்திருந்தால் அங்கே இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் கன்வெர்ட்டர் போல்ட்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள், தளர்ந்த போல்ட்டும் இதே சத்தம்தான் போடும், அதற்குக் கியர்பாக்ஸை இறக்கவே வேண்டியதில்லை.

கியர்பாக்ஸை இறக்காமல் ஃப்ளெக்ஸ்பிளேட்டை மாற்ற முடியாதா?

முடியாது. கன்வெர்ட்டர் போல்ட்கள் அடியிலிருந்து கைக்கு எட்டும், கிராங்க் போல்ட்கள் எட்டாது. கியர்பாக்ஸைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு அந்த இடைவெளியில் கையை நுழைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளந்த முறுக்கு விசையில், அதாவது டார்க்கில், இறுக்கும் ஸ்பானர்) நேராக நிற்காது, தட்டு உட்காரும் கிராங்க் ஃப்ளாஞ்சைத் துடைக்க முடியாது, பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று சரியாகத் தெரியாது.

தனியாகச் செய்ய முடியுமா, எவ்வளவு எடை இருக்கும்?

ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60இ கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் ஏறக்குறைய 70 கிலோ, அதே நிறுவனத்தின் 4எல்80இ 110 கிலோ பக்கம், டீசல் ட்ரக்குகளில் வரும் அலிசன் 1000 இன்னும் கனம். இதற்கு மேல் கன்வெர்ட்டர், உள்ளே தங்கியிருக்கும் எண்ணெய், நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் சேரும். நெஞ்சில் தாங்கி இறக்குகிற வேலை இது இல்லை. கியர்பாக்ஸ் ஜாக்கி, அதைக் கட்டுவதற்குச் சங்கிலி அல்லது ராட்செட் பட்டை, சேஸுக்கு அடியில் நான்கு ஸ்டாண்ட், இரண்டாவது ஆள் ஒருவர், இவ்வளவும் வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும்.

எந்த வரிசையில் கழற்றுவது?

பேட்டரி நெகட்டிவ் முதலில், ஸ்டார்ட்டர் கம்பியில் கை வைக்கப் போகிறோம் என்பதால். அப்புறம் எண்ணெய் வடித்தல். வடிகால் போல்ட் இல்லாத சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) என்றால் பின்பக்க போல்ட்களை விட்டுவிட்டு மற்றவற்றைத் தளர்த்திச் சாய்த்து வடியுங்கள், இல்லாவிட்டால் முகத்தில்தான் விழும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் டிஃபரன்ஷியல் ஃப்ளாஞ்சிலும் யூ ஜாயிண்ட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அதே நிலையில் திரும்பப் பூட்டினால் அதிர்வு வராது. நான்கு சக்கர ஓட்டம் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாக முதலில் இறக்குவதுதான் நல்லது. சேர்த்து இறக்கினால் எடை பின்பக்கம் போய் ஜாக்கியில் நிலை தவறும்.

பிறகு கியர் கேபிள், ஒயர் சாக்கெட்கள், எண்ணெய் அளவுகோல் குழாய், கூலர் குழாய்கள். கூலர் குழாய் நட்டுக்குச் சாதாரண ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும், குழாய் நட்டுக்கென்று வரும் ஸ்பானரே போடுங்கள், கழற்றியதும் முனையை அடைத்துவிடுங்கள். சைலன்ஸர் குழாய் குறுக்கே போனால் அதுவும் இறங்க வேண்டும். ஸ்டார்ட்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் கன்வெர்ட்டர் போல்ட்டுக்கு அந்த வழியாகவே கை எட்டும். ஒவ்வொன்றாக எடுத்து, கிராங்க்கைச் சுற்றி, அடுத்தது.

அதன் பிறகு கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி, இன்ஜின் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு தாங்கல், பிறகு கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸின் வாலை மெதுவாகக் கொஞ்சம் தாழ்த்தினால் பெல்ஹவுசிங்கின் மேல் போல்ட்கள் தெரியும், நீளமான எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்துப் பின்னாலிருந்து எட்டுங்கள். தாழ்த்தும்போது இன்ஜினும் பின்பக்கம் சாயும், அதனால் ஃபேன் ரேடியேட்டர் மூடியில் இடிக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் பின்சுவரில் முட்டுகிறதா என்று மேலே ஒரு ஆள் பார்க்க வேண்டும்.

கடைசியில் பிரிக்கும்போது கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸ் பக்கம் தள்ளி, பெல்ஹவுசிங் வாயில் குறுக்காக ஒரு பட்டை போட்டுக் கட்டுங்கள். கட்டாமல் முன்பக்கம் சாய்த்தால் அது வழுக்கி வெளியே வந்துவிடும். காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா போல்ட்டையும் கழற்றிவிட்டேன், கியர்பாக்ஸ் அசையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு போல்ட் இன்னும் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அது இல்லையென்றால் டவல் பின்கள் துருப்பிடித்திருக்கும், துரு கரைக்கும் எண்ணெயை அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். மூன்றாவது, கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்க் நடுத்துளையில் ஒட்டிக்கொண்டிருப்பது. எதுவானாலும் பெல்ஹவுசிங் அலுமினியம், இடைவெளியில் நெம்புகோலை விட்டு முழு பலத்தையும் போட்டால் போல்ட் துளை உள்ள அதன் காது உடையும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள்.

புது ஃப்ளெக்ஸ்பிளேட் வாங்கும்போது வண்டி மாடலைச் சொன்னால் போதாதா?

வண்டியில் முதலில் வந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் அப்படியே இருக்கின்றன என்று உறுதியாகத் தெரிந்தால் போதும். பழைய ட்ரக்குகளில் அந்த உறுதி அரிது, யாரோ எப்போதோ மாற்றியிருப்பார்கள். பற்களை எண்ணுங்கள், கிராங்க் துளை வட்டத்தையும் கன்வெர்ட்டர் துளை வட்டத்தையும் அளங்கள், எடைச் சமன் (இன்ஜின் நடுங்காமல் சுற்ற தட்டில் எடைக்கட்டி வேண்டுமா, எவ்வளவு என்பது) எது என்று கண்டுபிடியுங்கள்.

பற்கள்: பழைய ஸ்மால் பிளாக் (அளவில் சிறிய வி8 இன்ஜின் வகை) செவ்ரலேயில் 153 பல், 168 பல் என இரண்டு உண்டு, ஒன்றுக்கான ஸ்டார்ட்டர் நிலை மற்றொன்றுக்கு ஒத்துவராது. ஸ்மால் பிளாக் ஃபோர்டில் 157, 164.

எடைச் சமன்தான் பலர் சறுக்கும் இடம். செவ்ரலே 350 இன்ஜினில் 1985 வரை பின்பக்க சீல் இரண்டு துண்டு, ஃப்ளெக்ஸ்பிளேட்டில் எடைக்கட்டி கிடையாது. 1986 முதல் சீல் ஒரே துண்டு, கிராங்க் துளை வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது, ஃப்ளெக்ஸ்பிளேட்டில் எடைக்கட்டி வந்தது. அதனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாட்டவே மாட்டாது, அந்த வகையில் தப்பித்தோம். ஃபோர்டு 302 இன்ஜினில் அப்படி இல்லை: முதலில் 28 அவுன்ஸ் சமன், 1980களின் தொடக்கத்தில் 50 அவுன்ஸுக்கு மாற்றினார்கள், தட்டு மட்டும் இரண்டிலும் அழகாக உட்காரும். தவறானதைப் பூட்டினால் இன்ஜின் நடுங்கும், நாளாவட்டத்தில் பேரிங்கும் போகும். 351 விண்ட்சர் 28 அவுன்ஸிலேயே நின்றது.

கழற்றிய பழைய தட்டைத் தூக்கி எறியாதீர்கள். புதியதை அதன் மேல் வைத்துப் பார்ப்பதைப் போல நம்பகமான சோதனை வேறு இல்லை: துளைகள், விளிம்பின் உயரம், குழிவு, எடைக்கட்டி இருக்கும் இடம்.

பழைய போல்ட்களையே திரும்பப் போடலாமா?

கிராங்க் போல்ட்கள் என்றால் புதிதாகவே போடுங்கள். குறிப்பிட்ட டார்க்குக்குப் பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று உங்கள் கையேடு சொன்னால் அது நிரந்தரமாக நீளும் வகை போல்ட்டாக இருக்கலாம், அந்த வகை ஒரே ஒரு முறைக்குத்தான். மற்ற வகையாக இருந்தாலும், விரிசல் விட்ட தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த போல்ட்கள் பக்கவாட்டு உதையை நிறையவே வாங்கியிருக்கும். ஒன்றை எடுத்து மரையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நடுவில் தேய்ந்த வளையம் தட்டுப்படும்.

பலம் பற்றி: அங்குல போல்ட் என்றால் தலையில் ஆறு கோடு உள்ள கிரேடு 8, மெட்ரிக் என்றால் குறைந்தது 10.9. இந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட போல்ட்களை வாங்குங்கள், சாதாரண போல்ட் டப்பாவிலிருந்து பலமானதாகப் பார்த்துப் பொறுக்குவது போதாது. ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட்டின் தலை அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். அகலம் எதற்கு என்றால் மெல்லிய தகட்டில் அழுத்தம் பரவ வேண்டும். உயரம் குறைவு எதற்கு என்றால் பின்னால் கன்வெர்ட்டருக்கு இடம் வேண்டும்.

போல்ட் கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது?

இரண்டு இடத்திலும் கெடும். ஃப்ளைவீல் தடிமனானது, அதற்கான போல்ட் நீளம். அதையே மெல்லிய தகட்டுக்குப் போட்டால் முனை கிராங்க் ஃப்ளாஞ்சைத் தாண்டி மறுபக்கம் நீட்டி, சுற்றும்போது இன்ஜின் பிளாக்கிலோ பேரிங் மூடியிலோ உரசும். புது போல்ட்டைக் கையால் திருகி, மறுபக்கம் எட்டிப் பார்த்து, கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

கன்வெர்ட்டர் பக்கம் இன்னும் மோசம். அங்கே போல்ட் திருகும் இடத்துக்குப் பின்னால் கன்வெர்ட்டரின் முன் முகம், அதன் உட்புறத்தில்தான் லாக் அப் கிளட்ச் (எண்ணெய் வழுக்கல் இல்லாமல் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) உட்காரும் தளம். நீளமான போல்ட் அந்த முகத்தை உள்பக்கம் தள்ளிப் புடைக்க வைக்கும், வெளியே எதுவும் தெரியாது. ஓட்டும்போது லாக் அப் பிடிக்கும் நேரத்தில் வண்டி உதறும், கன்வெர்ட்டர் போய்விட்டது என்று ஆகும். ஃபோர்டில் கன்வெர்ட்டரிலேயே ஸ்டட் இருந்து நட்டு போடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் பாதுகாப்பு அதிகம்தானே?

கிராங்க் போல்ட்டில் போடாதீர்கள். தலைக்கு அடியில் சமமற்ற அழுத்தம் தரும், இறுக்கும்போது தகட்டைச் சுரண்டும், விரிசல் அங்கிருந்தே தொடங்கும். சில இன்ஜின்களில் போல்ட் தலைகளுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு முழு வட்ட வளையம் வரும், அது வேறு. அழுத்தத்தைப் பரப்புவதற்கான துண்டு அது, இருந்தால் கட்டாயம் திரும்பப் போடுங்கள்.

த்ரெட் லாக்கரா (மரை தளராமல் பிடிக்கும் பசை), சீலண்ட்டா (கசிவை அடைக்கும் பசை)?

கிராங்க் துளை உள்ளே முடிவடைகிறதா அல்லது கிராங்க் கேஸுக்குள் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 வகையான எல்.எஸ். குடும்ப இன்ஜின்களில் துளை திறந்தது, சீலண்ட் இல்லாமல் போட்டால் எண்ணெய் மரை வழியே ஊறி வெளியே வரும், பின்பக்க சீல் கசிகிறது என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் இறக்குவீர்கள். கன்வெர்ட்டர் போல்ட்டுக்கு நடுத்தர வலுவுள்ள நீல லாக்கர் ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், கன்வெர்ட்டர் அருகே தீயைக் காட்டுவது நல்லதல்ல.

எவ்வளவு டார்க்கில் இறுக்குவது?

உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ள அளவு. எடுத்துக்காட்டுக்கு, எல்.எஸ். வகையில் எம்11 கிராங்க் போல்ட்கள் மூன்று சுற்றாக 20, 50, 100 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். பழைய ஸ்மால் பிளாக்கின் 7/16 அங்குல போல்ட்டுக்கு 60 அடி பவுண்டு, அதாவது 80 நியூட்டன் மீட்டரை ஒட்டி. சிறப்பு போல்ட் வாங்கினால் அதன் உறையில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அது அவர்கள் தரும் கிரீஸ் தடவிய மரைக்கான கணக்கு. உலர்ந்த மரைக்கான எண்ணைக் கிரீஸ் தடவிய மரைக்குப் போட்டால் போல்ட் தாங்க வேண்டியதைவிட அதிகமாக இழுபடும்.

கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும் என்கிறார்களே, எவ்வளவு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் மூன்று இடங்களில் உட்கார வேண்டும்: உள்ளீட்டு ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப். மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொன்றாக டொக் என்று இறங்குவது கையில் தெரியும். கடைசிப் படி, அதாவது பம்ப்பின் பிடி, இறங்காமலேயே இறங்கியது போலத் தோன்றும். அந்த நிலையில் கியர்பாக்ஸை ஏற்றி, இடைவெளி மூடவில்லையே என்று பெல்ஹவுசிங் போல்ட்களைப் போட்டு இழுத்தால் பம்ப் உடையும். பெல்ஹவுசிங் கையாலேயே இன்ஜினோடு ஒட்டி நிற்க வேண்டும், போல்ட் அதை இழுத்து வரக் கூடாது.

ஒட்டிய பிறகு கன்வெர்ட்டரைக் கையால் பிடித்துச் சுற்றுங்கள், தனியாகச் சுற்ற வேண்டும். அதை முழுக்கப் பின்னால் தள்ளி, தட்டுக்கும் கன்வெர்ட்டர் பேடுக்கும் (போல்ட் ஏறும் மேடு) நடுவே அளங்கள். பெரும்பாலான கியர்பாக்ஸுகளுக்கு 3 முதல் 5 மிமீ வரை இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நிறுத்துங்கள், ஒன்று கன்வெர்ட்டர் இறங்கவில்லை, அல்லது சாமான் பொருந்தவில்லை. 5 மிமீக்கு மேல் இருந்தால் போல்ட் இறுக்கும்போது கன்வெர்ட்டர் முன்னால் அதிகமாக இழுபட்டு பம்ப்பில் அதன் பிடி குறையும். தட்டையான, கடினப்படுத்திய வாஷர்களை எல்லாப் பேடிலும் ஒரே தடிமனில் வைத்துச் சரிசெய்யுங்கள்.

ஸ்பேசர் கேள்வியும் இங்கேதான் வரும். எல்.எஸ். இன்ஜினின் கிராங்க் ஃப்ளாஞ்ச் பழைய செவ்ரலேயைவிட ஏறக்குறைய 0.4 அங்குலம், அதாவது 10 மிமீ உள்ளே தள்ளி நிற்கிறது. பழைய வகைக் கியர்பாக்ஸையும் தட்டையான ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் அதில் பூட்டினால் அந்த 10 மிமீக்கு ஸ்பேசரும் அதற்கேற்ற நீளமான போல்ட்டும் வேண்டும். 1999, 2000 ஆண்டுகளின் சில 6.0 லிட்டர் இன்ஜின்களில் ஃப்ளாஞ்சே நீளமாக வந்தது, அங்கே ஸ்பேசர் கூடாது. அதனால் வாங்கும் முன் ஸ்கேலை வைத்து, பிளாக்கின் பின்முகத்திலிருந்து ஃப்ளாஞ்ச் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது முறையாக உடைந்துவிட்டது. மட்டமான தட்டா?

இருக்கலாம், ஆனால் நான் முதலில் டவல் பின்னைத்தான் கேட்பேன். என் ட்ரக்கில் புதுத் தட்டு பூட்டி ஒரு வருடம்கூட ஓடவில்லை, அதே இடத்தில் விரிசல். இன்னும் தடிமனான தட்டை வாங்கிவிட்டு இறக்கினேன். பிளாக்கில் ஒரு பக்கம் பின் இருக்கிறது, மறுபக்கம் வெறும் துளை. எனக்கு முன்னால் இன்ஜினைப் புதுப்பித்த பட்டறையில் கழற்றியதைத் திரும்பப் போடவில்லை, நானும் முதல் முறை இறக்கியபோது கவனிக்கவில்லை. பெல்ஹவுசிங்கை போல்ட்கள் இறுக்கும், ஆனால் நடுவில் நிறுத்துவது அந்த இரண்டு பின்கள்தான். ஒரு பின் இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் இம்மி அளவு பக்கவாட்டில் நிற்கும், தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வளையும், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் நிமிடத்துக்கு 2,000 வளைவு. எந்தத் தட்டும் அதைத் தாங்காது. இரண்டு பின்களும் போட்டபின் அந்த ட்ரக்கில் அந்தச் சத்தம் திரும்ப வரவில்லை.

பின்கள் சரி என்றால் அடுத்து கன்வெர்ட்டர் மூக்கு கிராங்க் துளையில் ஆடாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள், பழைய கன்வெர்ட்டரைப் புது இன்ஜினோடு சேர்த்தால் அங்கே ஒரு இடைத்துண்டு தேவைப்படலாம். அப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்கள்.

எஸ்.எஃப்.ஐ. முத்திரை உள்ள தட்டு வேண்டுமா?

எஸ்.எஃப்.ஐ. 29.1 என்பது பந்தய வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரம். சக்தி கூட்டிய இன்ஜின், கனமான டிரெய்லர் இழுக்கிற ட்ரக் என்றால் தடிமனான அந்தத் தட்டு நல்ல தேர்வு. சாதாரண ஓட்டத்துக்குக் கம்பெனித் தட்டே போதும்.

இறக்கியது இறக்கியாகிவிட்டது, வேறு எதை மாற்றலாம்?

கிராங்க் பின்பக்க சீல், கியர்பாக்ஸ் முன்பக்க பம்ப் சீல், கியர்பாக்ஸ் மவுண்ட். மூன்றும் சிறிய சாமான்கள், தனியாக மாற்றுவதென்றால் மறுபடி இதே வேலை. கியர்பாக்ஸ் உள்ளே எரிந்து போனதால் இறக்கினீர்கள் என்றால் கூலரையும் குழாய்களையும் கழுவுங்கள், அங்கே தங்கிய உலோகத்தூள் புது கியர்பாக்ஸுக்குள் நேராகப் போகும். கன்வெர்ட்டரின் மூக்கில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பூட்டிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

கன்வெர்ட்டரை ஏற்றும் முன்பே அதற்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும், பம்ப் உலர்ந்து ஓடக் கூடாது. இன்ஜின் தரைக் கம்பியைத் திரும்பப் பூட்டினீர்களா என்று பாருங்கள், பெல்ஹவுசிங் போல்ட் ஒன்றில் மாட்டியிருந்து மறந்துபோவது அடிக்கடி நடக்கும். அடி மூடியைப் போடாமலேயே முதலில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்கும் உரசக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் அளவு இறங்கும், ஓடும்போதே ஊற்றிக்கொண்டே வாருங்கள், பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பிறகு கையேடு சொல்லும் நிலையில் அளவு பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அடி மூடியை ஒரு முறை திறந்து, டார்ச் அடித்து, போல்ட் தலைகளைச் சுற்றித் துருப்பொடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடியைப் பூட்டிவிடலாம்.